ஏரியில் நான் ஏற்றிய கொடி

வடிவுக்குப் பரிசு அறிவித்ததும் ஊரில் பாதிப்பேர் என்னிடம் வந்து, "உங்க ஸ்கூல் சத்துணவு அம்மாவுக்கா?" என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சத்துணவு அமைப்பாளர் பிள்ளைகளுக்குக் கதை எழுதக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? எட்டுப் புத்தகம் வந்துவிட்டது. இவர்கள் ஒன்றையாவது புரட்டிப் பார்த்திருந்தால் இப்படிக் கேட்பார்களா?

நான் குமுதவல்லி, அதே பள்ளியில் தமிழாசிரியை. சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற குடும்பம். ஒற்று ஒன்று விடுபட்டிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

வடிவு தாமல்காரி. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, செவிலிமேட்டுப் பரசுராமனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தட்டேந்தி வரிசையில் முட்டிமோதும் பிள்ளைகளை அடக்க ஒரு கதை சொன்னாள். தன் முட்டையைத் தேடிக்கொண்டு ஒரு கோழி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுகிறது. அவ்வளவுதான், மறுநாள் ஒரு பிள்ளையும் முட்டையைத் தொடவில்லை. தலைமையாசிரியர் தாம்தூம் என்று குதித்தார். இவள் அசரவில்லை. அடுத்த நாளே அந்தக் கோழி, "சாப்புடுங்கடா, நாளைக்கு வேற போடறேன்" என்று சொல்வதாகக் கதையை முடித்தாள். தட்டெல்லாம் காலி. இதை எழுதி வை என்று நச்சரித்தவள் நான். அதுதான் முதல் புத்தகம்.

அன்றிலிருந்து அவள் எழுதுவாள், நான் திருத்துவேன். 'இருக்குது' என்று இருந்தால் 'இருக்கிறது' ஆக்குவேன். "டீச்சர் கை பட்டாதான் புக்கு" என்பாள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

போன வருஷம் முதல்முறையாகத் தன் ஊரைப் பற்றி எழுதினாள். தாமல் ஏரியைப் பார்த்துக்கொண்டே மழைக்காலத்தைக் கழிக்கும் ஒரு சிறுமி. கடைசியில் ஊரே, "ஏரி கோடி போச்சு!" என்று கரைக்கு ஓடுகிறது. கோடியா? கொம்பில் ஒரு சுழி கூடிவிட்டது என்று நினைத்தேன். கோயில் தெருவில் வளர்ந்த எனக்குக் கொடி என்றால் பிரம்மோற்சவக் கொடிதானே ஞாபகம் வரும்! ஏரி நிறைந்தால் தாமலில் கொடி எடுத்துப் போவார்களாக்கும் என்று நானே முடிவு கட்டி, வந்த இடத்திலெல்லாம் 'ஏரிக் கொடி போச்சு' என்று மாற்றினேன். கடைசிப் பிரதியை அவள் பார்க்க வேண்டிய வாரத்தில் மகள் சத்யப்ரியாவுக்குப் பிரசவம். டீச்சர் பார்த்தால் போதும் என்று பதிப்பகத்தில் சொல்லிவிட்டாள். படம் போட்டவர் ஏரிக்கரையில் மஞ்சள் கொடி ஒன்றைப் பறக்கவிட்டார்.

புத்தகம் வந்த பிறகு வடிவு என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேரப்பிள்ளை அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் புத்தகத்துக்கே பரிசு அறிவித்த அன்று மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பரசுராமன்தான் போட்டு உடைத்தார்.

"தாமல்ல சிரிச்சிக்கினு இருக்காங்க டீச்சர். ஏரி எங்கனா கொடி புடிச்சிக்கினு போவுமா?"

"அப்போ அது என்ன?"

"கோடி டீச்சர். ஏரி ரொம்பி வழியறது."

கையில் மைசூர்பாகோடு நின்றேன். வடிவு அடுப்பங்கரையிலிருந்து வந்தாள்.

"நீ சும்மா இருய்யா," என்று அவரை அதட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க மாத்தினதுல எனக்குக் கோவம் இல்ல டீச்சர். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"பரிசுக்காரங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

"சொன்னா உங்க மானம் போவும். சொல்லலைன்னா என் ஊரு முன்னாடி நான் பொய்க்காரி. விழாவுக்கு எங்க தர்மன் அண்ணன் தாமல்லேர்ந்து வேன் வெச்சிக்கினு ஆளுங்களைக் கூட்டினு வருது. எங்க ஊரப் பத்தி எழுதன ஒரே புக்கு டீச்சர் அது."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எழுத்தாளரின் ஊரிலேயே விழா வைப்பது பரிசு தருகிறவர்களின் வழக்கமாம். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பின்வரிசை முழுக்கத் தாமல்காரர்கள். நடுவர் எழுந்தார். "நிறைந்த ஏரிக்கு ஊரே கொடி எடுத்துப் போகிறதே, என்ன அழகான கற்பனை! இந்தக் கொடிக்குத்தான் எங்கள் பரிசு" என்றார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தர்மன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தங்கைக்காக அந்த மனிதர் குனிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

வடிவு மைக் முன்னால் வந்தாள். எழுதிக் கொண்டுவந்த தாளைப் பிரித்தாள்.

"அந்தக் கொடி நான் எழுதனது இல்லீங்க," என்றாள். என்னைப் பார்த்தாள். "அது எங்க குமுதவல்லி டீச்சர் குடுத்தது."

எல்லோரும் கைதட்டினார்கள். என் தப்புக்குக் கைதட்டல்! என் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் ஊரை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்துவிட்டேன்.

"நான் கொடுக்கலை. தப்பாத் திருத்தினேன்," என்றேன். "அவ எழுதினது கோடி. ஏரி கோடி போச்சுன்னுதான் எழுதினா. முப்பது வருஷமாத் தமிழ் சொல்லிக்கொடுக்கறேன், எனக்கு அந்த வார்த்தை தெரியலை. தெரியாதுன்னு கேக்கவும் தோணலை."

நடுவரின் முகம் போன போக்கை விவரிக்க எனக்கு இஷ்டமில்லை. நான் வடிவை மட்டும் பார்த்தேன்.

"இப்போ கேக்கறேன். கோடி போறதுன்னா என்ன வடிவு?"

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"அது வந்து டீச்சர்... கரையோட ஒரு கோடியில கல்லு கட்டி வெச்சிருப்பாங்க. ஏரி ரொம்பிச்சின்னா தண்ணி தானா அது மேல ஏறி வழிஞ்சி ஓடும். அந்த சத்தம் ஊருக்குள்ள கேக்கும். அன்னைக்கு யாரும் வேலைக்குப் போவ மாட்டாங்க. பேச்சு வார்த்த இல்லாதவங்ககூட ஒண்ணா நின்னு பாப்பாங்க."

"மீனு எதுத்து ஏறி வருமே, அதையும் சொல்லும்மா!" என்று பின்வரிசையிலிருந்து தர்மன் கத்தினார். தலை நிமிர்ந்திருந்தது. நடுவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

பத்து நிமிஷம் பேசினாள். அத்தனையும் அவள் தமிழ், என் கை படாத தமிழ். நான் உட்காரவே இல்லை.

பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"புரிஞ்சிதா டீச்சர்?"

"புரிஞ்சுதும்மா," என்றேன்.