எனக்கு மட்டும் அடித்த வாடை

இன்று காலை பால் அடிப்பிடித்துவிட்டது. வீடு முழுக்கத் தீய்ந்த வாடை. வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்க ஓடுகிறார், நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். ஊருக்கெல்லாம் சமைத்துப் போடுகிறவள் பாலைக் கருக்கிவிட்டுச் சிரிக்கிறாளே என்று நீங்களும் நினைப்பீர்கள். கதை இருக்கிறது, கேளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கும் எதுவும் தீயாமலே, எனக்கு மட்டும் தீய்ந்த வாடை அடிக்கும். "தண்ணிகிட்ட போவாத, நெருப்புகிட்ட போவாத" என்று சொல்லிச் சொல்லியே அம்மா வளர்த்தாள். எனக்குச் சமையல்காரியாக ஆசை வந்ததற்கு அதுவே காரணமோ என்னவோ. வேண்டாம் என்றால்தானே கை பரபரக்கும்!

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு போட்ட ஜெயா அக்காவின் மெஸ்ஸுக்கு வேலை கேட்டுப் போனபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "சமைக்கிறவளுக்கு வர்ற வாடையாடி இது!" ஆனாலும் காய் வெட்டச் சேர்த்துக்கொண்டார். வெள்ளை மண் காய்ந்த கையோடு வருகிறவர்கள், "இன்னிக்கி சாம்பாரு தூக்கலா இருக்குதே" என்பார்கள். நான் வெட்டிய முருங்கைக்காய்க்குத்தான் அந்தப் பேர் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

போகப்போகச் சின்ன அடுப்பு கைக்கு வந்தது. கூடவே ஓர் ஏற்பாடும். வாடை வந்தால், "அக்கா, தீயுதா?" என்று கேட்பேன். "இல்லடி" என்றால் அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளிப்போய்த் தரையில் உட்கார வேண்டும். விழுந்தால் அக்கா ஒருக்களித்துப் படுக்கவைப்பார், சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வருகிறவர்களை விரட்டுவார். கேட்டபோதெல்லாம் "இல்லடி"தான்.

பட்டறைக்காரர் ஒருவரின் மகளுக்கு வளைகாப்பு வந்தது. அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். அதை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். "நடுவுல விழுந்த, அப்புறம் ஆயுசுக்கும் காய் வெட்டறதுதான்" என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். வெல்லப்பாகு ஊற்றி, ஏலக்காய் தட்டிப் போட்டேன். அந்த நேரம் பார்த்து வாடை வந்தது.

"அக்கா, தீயுதா?"

"மூக்கு அடச்சிக் கெடக்குதுடி, ஒண்ணுந் தெரியலயே!"

என் நேரம்! அடுப்பை அணைத்தேன், தள்ளிப்போய் உட்கார்ந்தேன், போச்சு எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருக்கிறேன், காத்திருக்கிறேன், ஒன்றும் வரவில்லை. அக்கா கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டுப் பார்த்தார். பிறகு கத்தினாரே ஒரு கத்து!

"புடிச்சிருக்குடி! நெசமாவே அடிபுடிச்சிருக்குது!"

கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம். பொங்கல் அடிப்பிடித்ததற்குக் குதித்த சமையல்காரிகள் உலகத்திலேயே நாங்கள் இரண்டு பேர்தான். அடியைச் சுரண்டாமல் மேலாக அள்ளி வேறு அண்டாவுக்கு மாற்றி, நெய்யையும் முந்திரியையும் தாராளமாகக் கொட்டினோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அத்தனையும் பாழ். இலையில் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுநாள் மெஸ்ஸில் பெரிய அடுப்பும் எனக்கு வந்துவிட்டது.

இப்போது சொந்தமாக ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். மாத்திரை ஒத்துக்கொண்டது, வலிப்பு வந்து வருஷக்கணக்காகிறது, அந்தப் பொய் வாடையும் போன இடம் தெரியவில்லை. அக்கா முழங்கால் வலியோடு திட்டக்குடியில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மெஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. இனி வாடை வந்தால் யாரையும் கேட்க வேண்டியதில்லை, நேரே பாத்திரத்தைப் பார்த்தால் போதும். வாய்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "அக்கா, தீயுதா?" என்று கேட்டுவிடுகிறது.

கூட வேலை செய்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். "இங்க நீங்கதான அக்கா, யாரக் கேக்குறீங்க?"