ஒரு மூடி பெற்றோல்

போன கிழமை எங்கள் படலையடியில் ஒரு கார் ஸ்ராட் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கனடாவிலிருந்து வந்திருந்த வசந்தி வாடகைக்கு எடுத்த புதுக் கார். இணுவிலில் அவள் பிறந்த வீடு எப்போதோ கைமாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரியான என்னையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று வந்தவள், போகமுடியாமல் நின்றாள். திறப்பைச் செருகத் துவாரம்கூட இல்லாத கார் அது. பொத்தானை அமத்தினால் போதுமாம். சாரதி அமத்தி அமத்திப் பார்த்தார். ஒரு முனகல்கூட இல்லை. கடைசியில் கைபேசியில் யாரையோ கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கினார்.

நான் பழைய பழக்கத்தில் காருக்குக் கிட்டப் போய் மூக்கை நீட்டினேன். ஒரு மணமும் இல்லை. மண்ணெண்ணெய் மணக்காத காரை எனக்கு இன்னும் முழுசாக நம்பமுடிவதில்லை, என்ன செய்ய!

உங்களுக்கு அந்தக் காலம் தெரியுமோ என்னவோ. யுத்த நாட்களில் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராது. கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினை மண்ணெண்ணெய் எழுப்பாது. அதற்கு ஒரு மூடி பெற்றோல் வேண்டும். பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் வாய்க்குள் நாலு துளி விட்டு, முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றினால் கார் குலுங்கிக்கொண்டு எழும்பும். பிறகு மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். பின்னால் வெள்ளைப் புகை எங்கள் ஒடுங்கிய தெருவை, ஒழுங்கையையே மூடிவிடும். சோற்றில்கூட அந்த மணம் இருந்ததாக எனக்கு ஞாபகம்.

எங்கள் ஒழுங்கையில் ஓடியது கிளியண்ணையின் பழைய கறுப்பு ஒஸ்ரின் கார். கிளியண்ணை வசந்தியின் தகப்பன். தாயில்லாமல் தனியே வளர்த்தவர். அவர் வளவில் இடமில்லாததால் கார் எங்கள் கொட்டிலில்தான் நின்றது. பெற்றோல் இருந்த மருந்துப் போத்தலும் அங்கேயே ஒரு ஆணியில் தொங்கியது. "உங்கடை வீட்டிலை இருந்தால் என்ரை கையிலை இருக்கிற மாதிரி" என்பார். ஊரில் எவருடைய கார் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காதைச் சரித்துக் கேட்டுவிட்டு இன்ன இடம் என்று சொல்லிவிடுவார்.

நான் அப்போது வட்டுக்கோட்டைப் பக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கந்தசுவாமி கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. இருந்த ஒரேயொரு பட்டுச்சேலையின் கரையிலோ சைக்கிள் சங்கிலியின் கிறீஸ். சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், அது இன்னும் பரவியது. பெற்றோல் பட்டால் கிறீஸ் போகும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. போத்தலை எடுத்தேன். கொஞ்சம் கொஞ்சம் என்று அடியில் ஒரு விரல் மிச்சம் வரும்வரை ஊற்றித் தேய்த்துவிட்டேன். பிறகுதான் பயம் பிடித்தது. அடுப்படியிலிருந்த மண்ணெண்ணெயை விட்டு, பழைய அளவுக்கு நிரப்பி, ஆணியில் கொழுவினேன். நான் புத்திசாலி, பாருங்கள்! கறை போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் மழை என்று வரவேயில்லை.

இரண்டு நாள் கழித்து வசந்தி வெளிக்கிட்டாள். கனடாவில் கலியாணம் பேசியிருந்தார்கள். அன்றைக்குக் கிளாலிக்குப் போய், குடாநாட்டை விட்டு வெளியே போகிற படகில் ஏறாவிட்டால் பயண அனுமதி காலாவதியாகிவிடும். மகளைத் தானே காரில் கொண்டுபோய் ஏற்றிவிடுவதாகக் கிளியண்ணை சொல்லியிருந்தார். அதற்கென்றே அந்தப் பெற்றோலைத் தொடாமல் வைத்திருந்தவர்.

போத்தலிலிருந்து நாலு துளி விட்டார், கைப்பிடியைச் சுழற்றினார். ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கறன்ற் வருகிறதா என்று தொட்டு உதறினார். வயர் வயராகப் பார்த்தார். திரும்பவும் போத்தல், திரும்பவும் கைப்பிடி. மண்ணெண்ணெயில் ஊறின அந்த மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகித்தவர் எங்கள் கொட்டிலில் தொங்கிய போத்தலை மட்டும் சந்தேகிக்கவில்லை. உள்ளங்கை தோலுரிந்து கைப்பிடியில் இரத்தம் பட்டிருந்தது. நான் பக்கத்தில் பிளக்கை ஏந்திக்கொண்டு நின்றேன். வாய் திறந்திருந்தால் அடுத்த ஒழுங்கையில் ஒரு மூடி பெற்றோல் இரந்து வாங்கியிருக்கலாம். வெட்கத்தில் பிளக்கைத்தான் துடைத்துத் துடைத்து நீட்டினேன். என்னை நானே எத்தனை தரம் திட்டியிருப்பேன்!

கிளாலிக்குப் போகிற ட்ரக்ரர் ஒன்று ஒழுங்கை முகப்பில் நின்றது. இன்னும் ஒருவருக்குத்தான் இடம். மகளை ஏற்றிவிட்டுக் கிளியண்ணை சொன்னார்:

"நீ போ பிள்ளை. நான் இதை ஸ்ராட் பண்ணிக்கொண்டு பின்னாலை வாறன்."

பொழுதுபடும்வரை சுழற்றினார்.

அதன்பிறகு காரை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். ஒருநாள் என்னிடமே கேட்டார்: "நீயும் பக்கத்திலை நிண்டனிதானே பிள்ளை, அண்டைக்கு அதுக்கு என்ன வந்தது?" "தெரியாதண்ணை" என்றேன். தபால்காரரின் மணி கேட்டால் படலைக்கு ஓடுவார். மகளின் முதல் கடிதம் வர இரண்டு வருடம் ஆனது. அப்போது அவர் உயிரோடு இல்லை. யுத்த காலத்துத் தபால், அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை, சாரதி கைபேசியோடு நின்ற நேரத்தில், வசந்தி கொட்டில் இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். இப்போது அங்கே தண்ணீர்த் தாங்கி.

"அப்பா வேணுமெண்டுதான் அண்டைக்குக் காரைப் பழுதாக்கினவர், அக்கா. அவர் தொட்டு ஸ்ராட் வராத கார் இந்த ஊரிலை இருந்ததோ? என்னை அனுப்ப அவருக்கு மனமில்லை. அந்தக் கோவத்திலை ரெண்டு வருசம் கடிதமே போடேல்லை நான். இப்ப நினைச்சால், பாசம்தானே? அதுதான் எனக்கு ஒரு ஆறுதல்."

"வசந்தி, அந்தப் போத்தல்..." என்று தொடங்கினேன்.

"அம்மா, வாங்கோ!" சாரதி வசந்தியைக் கூப்பிட்டார். "திறப்புக்குள்ளை இருக்கிற பற்றறி செத்துப்போச்சாம். திறப்பைப் பொத்தானோடை ஒட்டிப் பிடிக்கச் சரிவந்திட்டுது." இரண்டு நிமிடத்தில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வசந்தி ஏறி, கண்ணாடியை இறக்கினாள். "என்னக்கா சொல்ல வந்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. கவனமாப் போட்டு வா."

கார் சத்தமில்லாமல் வெளிக்கிட்டது. அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். முந்தியென்றால் அந்த வெள்ளைப் புகைக்குள் கொஞ்ச நேரமாவது முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கலாம்.