திருப்பி வைக்கும் மான்

அந்த மானின் கொம்புகள் தலைக்கு மேலே கிளைவிட்டு மரமாகிவிடும். கிளைகளில் குருவிகள். உடம்பு முழுக்கப் புள்ளியும் சின்னச் சின்னக் கோடும். கனடாவின் மிசிசாகாவில் என்னோடு வேலை செய்யும் தோழி வரைந்தது. அவள் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடிப் பெண். என் உம்மாவுக்கு இதய ஒப்பரேஷன் என்று கேள்விப்பட்டதும் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். நல்ல படம் கண்ணில் பட்டால் நல்லது நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

உருவப்படம் இருக்கிற வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் ஆணி இருந்தது ஒரேயொரு சுவரில். படத்தை அதில்தான் மாட்டினேன். முழங்கால் வலியால் கதிரையில் இருந்து தொழும் உம்மா பார்த்திருப்பதும் அதே சுவரைத்தான்.

"இப்படியொரு மிருகம் உலகத்திலயே இல்லை உம்மா. பிறகென்ன?"

"கண் இருக்குதுதானே," என்றார் உம்மா.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் எட்டி மானைச் சுவர்ப் பக்கம் திருப்புவார். சலாம் கொடுத்து முடித்ததும் மறுபடி எங்கள் பக்கம். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. கையை உயர்த்தும்போதெல்லாம் மூச்சு வாங்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒப்பரேஷன் திகதி வேறு இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. பஸ்ஸில் இருந்தாலும் வேலையில் இருந்தாலும் என் மனம் அந்த ஆணியையே சுற்றியது. இப்போது எட்டியிருப்பாரா, விழுந்திருப்பாரா? ஒருநாள் காலை பொறுக்க முடியாமல் படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மாலை வந்து பார்த்தால் மான் பழைய இடத்தில் நின்றது.

"ஏன் உம்மா எடுத்தீங்க? உள்ள இருந்தா உங்களுக்கும் கரைச்சல் இல்லைதானே."

"அந்தப் பிள்ளை எனக்குச் சுகம் வரட்டும் எண்டெல்லோ கீறித் தந்தது. தொழுற நேரம் திருப்பினாப் போதும். அலுமாரிக்குள்ள வச்சா நான் எப்பிடிப் பாக்கிறது?"

எனக்காகத்தான் அந்த மானைச் சகித்துக்கொண்டிருக்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். வெட்கமாகிவிட்டது.

ஒப்பரேஷன் அன்று, முடிய நேரமாகும், வீட்டுக்குப் போங்கள், நாங்கள் அழைக்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக் குடிக்க மறந்து, திரும்பவும் கொதிக்கவைத்தேன். நடுப்பகல் லுஹர் தொழ எழுந்தபோது மான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. போய்த் திருப்பினேன். சலாம் கொடுத்ததும் போனைத்தான் எடுக்க நினைத்தேன். கால்கள் ஆணிப் பக்கம் போயின. பின்னேரம் அஸருக்கும் அப்படியே, பொழுது சாய்ந்து மஃரிபுக்கும் அப்படியே. அதன் பிறகுதான் அழைப்பு வந்தது. எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டதாம்.

மறுநாள் உம்மா கண் திறந்தார். குரல் கரகரத்தது.

"தொழுதியா?"

"ஓம் உம்மா."

"மானைத் திருப்பினியா?"

"ஓம்."

"பிறகு இஞ்சால திருப்பி விட்டியா?"

அழுதபடி ஓம் என்று தலையாட்டினேன்.