ஆற்றுக்கு அங்கால

சூரியக் களிம்பின் மணத்தோடு றோல்ஸ் பொரித்த எண்ணெய் மணமும் சேர்ந்து வந்தால் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்குப் பிரான்ஸ் ஞாபகம் வரும். ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் விடியவே பேர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்கள் மூன்றாம் மாடிச் சமையலறையில் அம்மா றோல்ஸ் பொரிக்கத் தொடங்கிவிடுவார். அம்மா அப்பாவோடு நானும் தம்பியும் அரைத் தூக்கத்தில் ரயிலேறி, ஜெனீவாவில் இறங்கி, ஏரியோரமாகப் போகும் பஸ்ஸில் கடைசித் தரிப்பு வரைக்கும் போவோம். அங்கே ஒரு சின்னக் கிராமம், அதன் ஓரத்தில் ஏரியில் வந்து விழுகிற ஒரு சிற்றாறு. ஆற்றுக்கு ‘இஞ்சால’ சுவிஸ், ‘அங்கால’ பிரான்ஸ். எங்கள் வீட்டில் யாரும் அந்த நாட்டைப் பெயர் சொல்லி அழைத்ததாக ஞாபகம் இல்லை, அது எப்போதும் ‘அங்கால’தான்.

அங்கால நின்றவர் ரஞ்சன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டு, கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் இருந்த காலம் அது. எங்களுக்கோ ‘எஃப் விசா’; சுவிஸுக்குள் எங்கும் போகலாம், எல்லையைத் தாண்டினால் இருக்கிறதும் போய்விடும் என்று அப்பா அடிக்கடி சொல்லுவார். அதனால் அக்காவும் தம்பியும் கோடைக்கு மூன்று நாலு தரம் அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் பாய் விரித்து உட்கார்ந்து கதைத்தார்கள். ஆறு என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, பதினைந்து அடி அகலம், முழங்கால் அளவு தண்ணீர், அவ்வளவுதான். அந்தப் பதினைந்து அடியை ஆறு கோடையாக அவர்கள் தாண்டவில்லை.

தாண்டியது நானும் என் தம்பியும்தான். சின்னப் பிள்ளைகளை யார் கேட்கப்போகிறார்கள் என்று அப்பா துணிந்துவிட்டார். இஞ்சாலயிருந்து றோல்ஸும் புட்டும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் போகும், அங்காலயிருந்து பாரிஸின் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் வாங்கிய மிக்சரும் மாம்பழமும் நீளப் பாணும் வரும், போகிற வழியில் ஒரு றோல்ஸ் என் வாய்க்குள் போவதும் உண்டு. அப்பா எங்களைக் ‘கஸ்ரம்ஸ்காரர்’ என்று பகிடி பண்ணுவார். தம்பியின் பிறந்தநாளுக்கு இஞ்சால கேக் வெட்டினோம், அங்காலயிருந்து மாமா கைதட்டிப் பாடினார், அவருடைய துண்டைக் கடதாசித் தட்டில் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனதும் எல்லாரும் இத்தாலி, ஸ்பெயின் என்று அளப்பார்கள். நானும் விட்டுக்கொடுக்காமல் பிரான்சுக்குப் போனேன் என்றேன். அங்கே என்ன பார்த்தாய் என்று ரீச்சர் கேட்க, மாமாவை என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தேன்.

பதின்மூன்றாவது வயதில் நான் பெரியபிள்ளையானேன். எங்கள் ஆட்களுக்குள் முதல் தண்ணீர் தாய்மாமன்தான் வார்க்கவேண்டும். சாமத்தியவீட்டுக்குப் பேர்னில் மண்டபம் எடுத்தாயிற்று, மாமாவை எப்படிக் கொண்டுவருவது? முறைக்கு ஒருவர் செய்தால் போதும்தானே, தன்னுடைய ஒன்றுவிட்ட அண்ணை வார்க்கட்டும் என்றார் அப்பா. அம்மா கத்தவில்லை, அழவில்லை. பிழிந்துகொண்டிருந்த துணியை வைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னார்.

“என்ர தம்பி உயிரோட இருக்கேக்க வேற ஆள் வந்து வார்க்கிறதோ? ஆத்தடியில வச்சு அவன் வார்க்கட்டும். மிச்சத்தை மண்டபத்தில பாப்பம்.”

அந்த ஞாயிறு மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வழியில் பொலிஸ் மறித்தால் அவர் கதை அன்றோடு முடிந்தது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பாரிஸிலிருந்து ஒரு புதுச் செம்பும் எனக்கொரு பட்டுப் பாவாடையும் தூக்கிக்கொண்டு வந்தார். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு, அதில் அறுகம்புல்லும் போட்டுக்கொண்டு தன்னுடைய பாதி ஆற்றில் நின்றார். அம்மா இஞ்சாலக் கரையில் நின்று, “போ பிள்ளை, நாலடிதான்” என்றார். அவருடைய முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆற்றோரத்தில் துவாய் விரித்து மூன்று வெள்ளைக்காரப் பெட்டைகள் படுத்திருந்தார்கள், என் வயதுதான் இருக்கும். பஞ்சாபிச் சுரிதாரோடு தண்ணீருக்குள் இறங்கும் என்னை அவர்கள் எழும்பியிருந்து பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல மற்ற இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்றுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அப்பாவின் கூட்டாளிமார் வீட்டுக்கு வந்தால் மாமாவைப் பற்றி ‘அவன் களவா நிக்கிறான்’ என்று கதைப்பார்கள், வதிவிட அனுமதி இல்லாத ஆட்களை அப்படித்தான் எல்லாரும் சாதாரணமாகச் சொல்லுவது. அந்தச் சொல் அந்த நேரம் பார்த்து என் வாயில் வந்து நின்றது.

மாமாவுக்குக் கிட்டப் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்:

“களவா நிக்கிற ஆள் எனக்கு வார்க்கத் தேவையில்லை.”

 மாமா செம்பை மெல்லச் சரித்துத் தண்ணீரை ஆற்றிலேயே ஊற்றிவிட்டார். கரையைப் பார்த்து உரத்த குரலில், “தண்ணி சரியான குளிர் அக்கா. பிள்ளைக்குத் தடிமன் வந்திடும், விடுங்கோ” என்றார். ஜூலை மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அம்மா என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டு கரையேறினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அவர் அதோடு விட்டுவிட்டார். மண்டபத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணை தண்ணீர் வார்த்தார். அந்தச் சாமத்தியவீட்டுப் பட அல்பத்தை அம்மா வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டியதே இல்லை.

அடுத்த கோடையில் வேலை அதிகம், லீவு தருகிறார்கள் இல்லை என்று மாமா தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்கடுத்த கோடையிலும் அதே பதில். நாலு வருடம் அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அங்கே அவருக்கும் இங்கே எங்களுக்கும் ஒழுங்கான விசா கிடைத்தது, பாரிஸில் அவருடைய கலியாணம், எங்கள் வீட்டுப் பிறந்தநாள்கள், தேர்த் திருவிழா என்று கோடைக்குக் கோடை போக்குவரத்தாகிவிட்டது. ஆனால் எந்தக் கொண்டாட்டத்திலும் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது அம்மா அந்த நாலு வருடக் கதையை எடுப்பார். “வேலைதான் பெரிசெண்டு நாலு வருஷம் என்னை எட்டிப் பாக்காத ஆள்தானே இவர்” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்லுவார். அந்தச் சிரிப்பில் கோபம் இருப்பது எல்லாருக்கும் விளங்கும். மாமா சோற்றைப் பிசைந்தபடி தலையாட்டுவார். நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். ஒரு தரமாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை, கோழை நான்.

போன மாரியில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தக் கோடையில் மாமா எங்களிடம் வந்து நின்றபோது, அவரைக் கூட்டிக்கொண்டு அந்த ஆற்றடிக்குப் போனேன். இப்போது அங்கே யாரும் யாரையும் மறிப்பதில்லை, சுங்கக் கொட்டில் பூட்டிக் கிடக்கிறது, ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே சனம் ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு நடக்கிறது. பாய் விரித்து இருக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்றையும் காணவில்லை. அந்தத் தேவை இப்போது யாருக்கும் இல்லை, அதுவரைக்கும் நல்லதுதான். அன்று நான் சொன்னதால்தானே அந்த நாலு வருடமும் வராமல் விட்டீர்கள் என்று மாமாவிடம் கேட்டேன்.

“ஓம்” என்றார். “அண்டைக்கு எனக்கும் வெக்கமாத்தான் போச்சுது, பிள்ளை” என்றார்.

“அம்மாவுக்கு ஏன் மாமா சொல்லேல்லை? கடைசி வரைக்கும் உங்களோட கோவிச்சுக்கொண்டெல்லோ இருந்தவ?”

மாமா குனிந்து தண்ணீரில் கையை நனைத்தார். “உன்னோட கோவிச்சா அக்கா தாங்கமாட்டா. என்னோடயெண்டாப் பரவாயில்லை.”

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார். மன்னித்துவிட்டார், அது எனக்குத் தெரியும். உன் தம்பி உன்னை மறக்கவில்லை அம்மா, நான்தான் அவரை வராமல் பண்ணினேன் என்று சொல்வதற்குத்தான் இனி ஆளில்லை.