ஈரம் காயாத மூட்டை

மாரமங்கலத்தில் ஊர்ப் பொது விதை அறையின் சாவி ஓர் அம்மாவின் இடுப்பில் தொங்கியது. விதை வாங்கியவர்கள் அறுப்பு முடிந்ததும் இரு மடங்காகத் திருப்ப வேண்டும். வருகிற சாமையில் நாலைந்து மணிகளை அவர் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்றால்தான் மூட்டை உள்ளே போகும்.

நான் போயிருந்த அன்று ஒருவர் இறக்கிய சாமையை அந்த அம்மா கடித்ததும் துப்பினார்.

"ஈரங் காயலீங்க. இதச் சேர்த்தா எல்லாத்து விதையும் கெட்டுப் போயிருமுங்க."

"எம் மூட்டையவே வேண்டாங்கறயா?" அந்த ஆள் கை ஓங்கினார். வரிசையில் நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அடிச்சாலும் உள்ள போவாதுங்க."

ஓங்கிய கையை உதறிவிட்டு அவர் நடந்தார். வரிசை முடிந்ததும் அந்த அம்மா அறையைப் பூட்டி, ஈர மூட்டையைத் தானே தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"எங்க கொண்டு போறாங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன்.

"அவிய ஊட்டுக்குத்தானுங்க. கை ஓங்குனது அவிய ஊட்டுக்காரருங்க."

அன்று அந்த வீட்டில் என்ன நடந்ததென்று யாரிடமும் கேட்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.