பாண்டிச்செல்வி மதினி தேர்ந்தெடுத்த மலை

எங்கள் பாண்டிச்செல்வி மதினிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நாங்கள் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி லோடு போனதும் லீவு விடுவார்கள். ஊரே காலை நீட்டிப் படுக்கும். இவள் மட்டும் கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவுவாள். பார்க்கிற எனக்கே எரிச்சல் வரும்.

இந்த வருஷம் நேர்த்திக்கடன் வேறு. சீசன் முழுக்க ஒரு காயமும் இல்லாமல் போனால், தானும் புருஷன் காளீஸ்வரனும் சேர்ந்து மலையேறி சாமி பார்ப்பதாக வேண்டியிருந்தாள். எந்த மலை என்று மட்டும் சொல்லி வைக்கவில்லை. வேன்காரர் வெள்ளியங்கிரிக்குக் கூப்பிட்டார்.

“ஏழு மலையாம்ல! மொதமொதல்ல ஏறுறவுக அங்கன போயி மூச்சு முட்டிச் சாகவா? நமக்குச் சதுரகிரி போதும்,” என்றாள்.

அதையும் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. திருத்தங்கல் கோயில் குன்றில் வாரக்கணக்கில் ஏறி இறங்கிக் காலைப் பழக்கினாள். நானும் கூடப் போனேன். காளீஸ்வரன் அண்ணன் மட்டும், “செருப்பைப் பாத்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க,” என்று கீழேயே நின்றுவிடுவார். புத்தி கெட்ட நாங்கள் அதை உபகாரம் என்று நினைத்தோம்.

மார்கழிப் பௌர்ணமியன்று சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறையில் கேட் திறந்ததும் மதினி பறந்தாள். பட்டாசுக்கு மருந்து செலுத்துகிற எங்களுக்கு வெயில் ஏறி மருந்து சூடாகுமுன் வேலையை முடித்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தை மலையிலும் காட்டினாள். “வெரசா வாங்க, வெயில் வந்துரும்!” என்று திரும்பிப் பார்க்காமலே கத்திக்கொண்டு போனாள். அந்த மரக்கூட்டத்துக்குள் வெயில் எங்கே வந்தது! எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒரு வளைவில் திரும்பினால் அண்ணனைக் காணோம்.

மதினியைக் கத்திக் கூப்பிட்டு, ரெண்டு பேருமாக இறங்கி ஓடினோம். பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

“எந்திரிங்க. வேண்டுதல் பாதியில நிக்கக் கூடாது.”

“மூச்சு வாங்குது செல்வி. இன்னைக்கு மட்டுமில்ல.”

“எம்புட்டு நாளா?”

“ஆடியிலருந்து. போர்மேனுக்குத் தெரிஞ்சா வேலைக்கு வேண்டாம்னுருவாரு. யாருட்டயும் சொல்லிராத.”

திட்டித் தீர்க்கப் போகிறாள் என்று பயந்தேன். மேலே போகிற பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினாள்.

“எறங்குவோம். நாளைக்கு ஆஸ்பத்திரி. சாமி பெறகு,” என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தாள். நாலு அடிக்கு ஒரு தரம் அவர் நின்றார், அவளும் நின்றாள். எதிரே ஏறி வந்த கூட்டத்தில் எங்கள் போர்மேன் லட்சுமிகாந்தம்.

“என்ன காளீஸ்வரா, அதுக்குள்ள எறங்கிட்ட?” என்றார்.

அண்ணன் வாயைத் திறக்குமுன் மதினி முந்திக்கொண்டாள்.

“எனக்குத்தாண்ணே ஏற முடியல. என்னாலதான் இவுகளும் பாதியில திரும்பும்படி ஆயிருச்சு.”

சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நொண்டி நொண்டி நடந்தாள்.