சுவரில் ஒட்டிய பிறப்புப் பத்திரம்

தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்து வீட்டில் ஒரே அறை. பெட்டி வைக்க இடமில்லை. அம்மாவின் ஒரே படம், அப்பாவின் கடிதங்கள், என் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் பழைய பத்திரிகைக் கட்டுக்குள் செருகி வைத்திருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் வேலை முடிந்து வந்தால், பண்டிகைக்காகச் சுவர் முழுக்க அந்தக் கட்டிலிருந்த பேப்பர் புதிதாக ஒட்டியிருந்தது. நடுவில் அம்மா!

"அத்தை படம் நல்லா இருக்குங்களா?" என்றாள், எழுத்தறியாத என் மனைவி.

"கூட இருந்த காகிதமெல்லாம்?"

"அடியில ஒட்டிட்டேங்க, ஓட்டைய மறைக்க."

பிரஜாவுரிமை மனுவுக்கு, நான் இந்த நாட்டில் பிறந்தவன் என்று காட்ட, அந்தப் பிறப்புப் பத்திரம்தான் ஒரே ஆதாரம். நல்லவேளை, மலைக்குளிரில் மாவுப்பசை காய்ந்திருக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் உரித்தெடுத்தோம். கடிதம் ஒன்று கிழிந்தது, பத்திரம் தப்பியது.

இப்போது எல்லாம் பிஸ்கட் டின்னில், கூரை மரத்தில் தொங்குகின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று மனைவிக்கும் தெரியும். அம்மா மட்டும் சுவரிலேயே இருக்கிறார்.